மாமன் சீராகப் போன படம்

காலக் கொஞ்சம் மடக்கிக்கிருங்கண்ணே, சட்டம் இடிக்கும். துணி சுத்துன படம்தான், கண்ணாடி இல்ல, பயப்படாதீங்க. கண்ணாடி போடக் கூடாதுன்னு நானே சொல்லிட்டேன். ஆயில் பெயின்டிங்குக்குக் கண்ணாடி போட்டா வெளிச்சம் பட்டு நம்ம மூஞ்சிதான் தெரியும், படம் தெரியாது. இது பிரேம் கடைக்காரனுக்கே தெரியல, நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க போனாலும் நம்மதான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு.

கண்டக்டர் மொறச்சதப் பார்த்தீங்கள்ல? ஆளுக்கு ஒரு டிக்கெட்டு, இதுக்கு ஒரு டிக்கெட்டுங்குறான். எடுத்துட்டேன். கோயில்ல அம்புட்டுப் பேரும் பார்த்த பார்வைக்கு இவன் பார்வை எவ்வளவோ தேவல. நீங்களும் ஆரப்பாளையத்துலதான எறங்குறீங்க? அப்ப நல்லதாப் போச்சு, முழுசாவே சொல்லலாம். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

என் பேரு மாயக்கண்ணன். மருந்து மொத்தக்கடையில பில் போடுறேன். அது சோத்துக்கு. உள்ளுக்குள்ள நான் ஓவியன். எங்க அக்கா செல்வராணிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த ஒரே பொம்பளப் புள்ள. பேரு தன்ஷிகா, வீட்டுல பொம்மி. மூணு வயசு முடிஞ்சுருச்சு. குலசாமிக்கு நேந்துக்கிட்டதால பொறந்த முடியில இன்னும் கத்தரி படல. சுருட்டை சுருட்டையாத் தோள் வரைக்கும் கெடக்கும். கெடந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் மொட்டையும் காதுகுத்தும். அங்க இருந்துதான் வர்றேன்.

மாமன் மடியில உக்கார வச்சுத்தான் முடி எறக்கணும், மாமன் மடியிலதான் காது குத்தணும். இது உங்களுக்குத் தெரியாததா. மாமனுக நாங்க ரெண்டு பேரு. மூத்தவன் ஜெயக்கொடி, சிங்கப்பூர்ல இருக்கான். கூடப்பொறந்த அண்ணன்தான். இன்னைக்கு அண்ணன்னு சொல்ல வாய் வரல, பேரச் சொல்லியே சொல்றேன். அவன் பொம்மிய போன்லதான் பார்த்திருக்கான். நான் அப்படியா? ஆசுபத்திரியில இருந்து கொண்டாந்த வாரமே என் நெஞ்சு மேல போட்டுத் தூங்க வச்சவன். என் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், சாப்பாட்டுத் தட்ட விட்டுட்டு 'மாமா'ன்னு தெருமுனைக்கு ஓடியாருவா. அக்காவே சொல்லுச்சு, "கண்ணா, பெரியவன் வந்தாலும் சரி வராட்டியும் சரி, பொம்மி ஒன் மடியிலதாண்டா உக்காருவா"ன்னு. நான் கல்யாணம் காட்சி இல்லாத ஆளுண்ணே. எனக்கு இதவிட என்ன வேணும்? அந்த மடிக்காகத்தான் இம்புட்டுப் பாடும்.

ஜெயக்கொடி லீவு போட்டு வர்றான், வளையல், செயினு, கொலுசுன்னு அடுக்குறான்னு சேதி வந்துச்சு. வரட்டும்னேன். நகைய எவன் வேணாலும் வாங்குவான், கடைக்குப் போனாக் குடுத்துட்டுப் போறான். ஆனா அந்தச் சுருட்டை முடி? இன்னும் மூணு மாசத்துல அது கோயில் மண்ணுல கெடக்கும். அந்த முடியோட புள்ளைய அப்படியே ஒரு படமா வரஞ்சு, சீர் வரிசையில முன்னால கொண்டு போயி எறக்குனா எப்படி இருக்கும்? எவன் செஞ்சிருக்கான் நம்ம சனத்துல? நெனச்சதும் எனக்கே உடம்பு சிலுத்துருச்சு.

சரி, மூணு வயசுப் புள்ளைய உக்கார வச்சு வரைய முடியுமா? முடியாது. போட்டோ எடுத்து அதப் பார்த்துத்தான் வரையணும். அங்கதாண்ணே இருக்கு விஷயமே. ஊர்ப்பட்ட பேரு ஓவியம் வரையறான், போட்டோ எடுக்கத் தெரியாது. போட்டோ தப்புனா படம் தப்புச்சு, அம்புட்டுத்தான். நான் ஒரு வீடியோ பார்த்தேன். தாடி வச்ச வெள்ளக்காரன் ஒருத்தன், புள்ளைகள வரையறதுக்குன்னே போட்டோ எடுக்கச் சொல்லித் தர்றான். பேச்சு பாதி புரியல, கை காட்டுறத வச்சே புடிச்சுக்கிட்டேன். மொதல்ல ரொம்ப நேரம் அந்தப் புள்ளையோட தரையில உக்காந்து பந்து உருட்டிக்கிட்டு இருந்தான். கேமராவ வெளியிலயே எடுக்கல. அத ஓட்டி விட்டுட்டேன். விஷயம் அதுக்கப்புறம்தான் வருது.

மொத ஞாயித்துக்கிழம போறேன். அக்கா புள்ளையச் சிங்காரிச்சுக் கூட்டியாருது. மூஞ்சி பூராப் பவுடரு. கண்ணுல மை, புருவத்துலயும் மை, கன்னத்துல எட்டணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. பட்டுப்பாவாடை வேற. நான் புள்ளைய வரையவா, பவுடர் டப்பாவ வரையவா? திருஷ்டிப் பொட்டோட வரஞ்சா நாளைக்குப் பார்க்குறவன் மருவுன்னு நெனைக்க மாட்டானா? எல்லாத்தையும் அழின்னேன். "அது இல்லாம எப்படிடா போட்டோ எடுக்குறது, கண்ணு பட்டுரும்டா"ன்னு இழுத்துச்சு. ஈரத்துண்ட வாங்கி நானே தொடச்சேன். மை சும்மா போகுமா, ரெண்டு அழுத்து அழுத்தித்தான் தொடைக்கணும். அதுக்குப் பொம்மி அழுதா. அழுதா கன்னம் செவக்கும், கலர் நல்லா ஏறும்னு விட்டுட்டேன்.

வடக்குப் பார்த்த ஜன்னல் ஒண்ணு இருக்கு அக்கா வீட்டுல, அது பக்கத்துல ஸ்டூலப் போட்டேன். வெயில் நேரா அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஒரு பக்கமா வந்து மெத்துனு விழுகணும். ஃப்ளாஷ் போடவே கூடாது, மூஞ்சி தோசைக்கல்லாட்டம் தட்டையாயிரும். டியூப்லைட்ட அமத்திட்டேன், ரெண்டு வெளிச்சம் கலந்தா தோல் நெறம் கெட்டுப் போகும். ஃபேனையும் அமத்திட்டேன், முடி பறக்குமுல்ல. புள்ளைக்கு வேர்த்துச்சு. வேர்க்கட்டும், நெத்தியில ஒரு பளபளப்பு வரும், அது தனி அழகு. இதெல்லாம் எத்தன பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

நம்மாளுக புள்ளைகள எடுக்குறப்ப நின்னுக்கிட்டே எடுப்பாய்ங்க, பார்த்திருக்கீங்களா? மேல இருந்து எடுத்தாத் தலை பூசணிக்காயாட்டம் இருக்கும், காலு குச்சியாட்டம் இருக்கும். நம்மதான் புள்ளை கண்ணு உயரத்துக்கு எறங்கணும். நான் முட்டி போட்டுக் குனிஞ்சேன். அத வெளாட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஸ்டூல விட்டு எறங்கி வந்து என் முதுகுல ஏறி உக்காந்துட்டா. 'ஆன, ஆன'ங்குறா. எறக்கி விட்டேன். பொம்மி, இது வெளாட்டு இல்ல, வேலைன்னு சொன்னேன். சொல்லணும்ல? முத நாளே சொல்லிரணும்.

ரொம்பக் கிட்டப் போயும் எடுக்கக் கூடாதுண்ணே, மூக்கு பெருத்துரும். தள்ளி நின்னு ஜூம இழுத்து எடுக்கணும். காதத் தனியா, கையத் தனியா, முடியத் தனியா எடுத்து வச்சுக்கணும். இதெல்லாம் சுளுவு. கஷ்டம் எதுல தெரியுமா, சிரிப்புல. பொம்மி சிரிப்பா. அது அவ சுபாவம், யாரப் பார்த்தாலும் பல்லக் காட்டுவா. பல்லு தெரிஞ்சா ஓவியம் கெட்டுச்சு. பல்லு வரஞ்சாப் புள்ள கெழவியாயிரும், வரஞ்சு பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். சிரிக்காதன்னு சொன்னேன், சிரிச்சா. மாமா சொன்னாக் கேக்கணும்னேன், அதுக்கும் சிரிச்சா. அப்புறம் அதட்டுனேன். தாடையப் புடிச்சு லேசாக் கீழ எறக்கி, முதுக நேராக்கி, இப்படியே இருக்கணும், மாமாவ மட்டும்தான் பார்க்கணும், அசைஞ்சா அம்மாகிட்ட அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போனேன். போகப் போகப் புள்ள பழகிட்டா. நான் வந்ததும் அவளே போயி ஸ்டூல்ல உக்காந்துக்கிருவா, நான் சொல்லாமயே தாடைய எறக்கிக்கிருவா. ஒரு நாளு பாருங்க, சிரிப்பும் நின்னு போச்சு. சுத்தமா நின்னு போச்சு. அப்பத்தாண்ணே எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

அக்காவுக்குத்தான் பொறுக்கல. செல்லங் குடுத்து வளத்தது, அப்படித்தான் இருக்கும். "டேய் கண்ணா, போதும்டா. ஒன் வண்டிச் சத்தம் கேட்டாக் கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துக்கிர்றாடா. தூக்கத்துல 'நான் ஆடல, நான் ஆடல'ன்னு பொலம்புறாடா"ங்குது. நான் சொன்னேன், "பாருக்கா, மூணு வயசுலயே ஒரு ஒழுக்கம் வருது, சந்தோசப்படு." அக்கா புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிச்சு. அப்புறம் அடுப்படிக்குள்ள போயிருச்சு. அதுக்கு இந்தக் கலையெல்லாம் புரியாதுண்ணே, பாவம்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் அமையாம இருந்துச்சு. கண்ணுல மினுக்கு. கருவிழியில ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியா விழுகணும். அது இல்லேன்னா என்ன வரஞ்சாலும் செத்த மீனு கண்ணுதான். கடைசி ஞாயித்துக்கிழம கெடச்சுச்சு. அன்னைக்குக் கட்டிலுக்கு அடியில இருந்து அவள இழுத்துக் கொண்டாந்து உக்கார வைக்க வேண்டியதாப் போச்சு. ஆனா உக்காந்தா பாருங்க. ஒதட்ட மூடிக்கிட்டு, கண்ண அகல முழிச்சு, அப்படியே என்னையப் பார்த்தா. ரெண்டு கண்ணுலயும் தண்ணியில வெளிச்சம் விழுந்த மாதிரி ஒரு மினுக்கு. ஒரே அமுக்கு. எடுத்துட்டேன்.

அதப் பார்த்து வரஞ்சதுதான் இது. கடையில லீவு போட்டுப் போட்டு வரஞ்சேன். மொதலாளி வாயில வந்ததெல்லாம் திட்டுனாரு, வாங்கிக்கிட்டேன். அந்தச் சுருட்டை இருக்கே, ஒவ்வொரு சுருளும் தனித்தனியா விழுந்திருக்கு இதுல. தொட்டாக் கையில சுத்திக்கிரும் போல இருக்கும். நானே சொல்லக் கூடாது.

பிரேம் கடைக்குக் கொண்டு போனேன். போயி வாங்குறப்ப பார்த்தா, சட்டத்துக்கு மேல நடுவுல சிகப்பு பல்பு மாட்ட ஒரு ஓட்டை, ரெண்டு பக்கமும் மாலை தொங்கவிடக் கொக்கி. என்னய்யா இதுன்னேன். "எப்பண்ணே தவறுச்சு?"ன்னு கேக்குறான் படுபாவி. உசுரோட இருக்குய்யா, மாமன் சீருக்கு வரஞ்சதுன்னேன். பெரிய படமா வந்தா அவன் வழக்கமாப் பண்றதாம், கேட்டுக்கிறதே இல்லையாம். ஓட்டைய அடைன்னு சொல்லிட்டேன். கொக்கி இருக்கட்டும்னேன். சீர்னா மாலை இல்லாமலாண்ணே கொண்டு போறது? வெறும் படத்தத் தூக்கிட்டுப் போனா என்ன மரியாதை?

காலையில ரோசாப்பூ மாலையா வாங்கி நல்லா அடர்த்தியாப் போட்டேன். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாலயே வேன நிறுத்தி வரிசை எடுத்தோம். படம் முன்னால, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சுக்கிட்டாங்க. பின்னால பழத்தட்டு, பலகாரத்தட்டு, துணிமணி. மேளக்காரரு என்னைய ஓரமாக் கூப்பிட்டாரு. "தம்பி, நல்லதுக்கா கெட்டதுக்கா?"ன்னாரு. நல்லதுக்குத்தாங்க, அடிங்கன்னேன். அவரு படத்தப் பார்த்தாரு, பழத்தட்டப் பார்த்தாரு, அரை மனசா அடிச்சாரு. அந்த அடியிலயே எனக்குச் சுருக்குனு இருந்துச்சு.

எங்க மச்சானுக்கு, அதான் அக்கா வீட்டுக்காரருக்கு, கருமாத்தூர்ல ஒரு அத்தை இருக்கு. அது அப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி வருது. எதுக்க மேளம், அதுக்குப் பின்னால மாலை போட்ட படம், படத்துல புள்ள. முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துருச்சு. "எஞ் சாமி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியா"ன்னு ராகம் போட ஆரம்பிச்சுருச்சு. ஒரு பொம்பள ஆரம்பிச்சாப் பக்கத்துல இருக்கிறது சும்மா இருக்குமா? யாரு என்னன்னு கேக்கல, அதுவும் மாரடிச்சுக்கிட்டுக் கூடச் சேந்துக்கிச்சு. பொங்க வச்சுக்கிட்டு இருந்ததுக பூரா அடுப்ப விட்டுட்டு ஓடியாருது. இந்தப் பக்கம் பொம்மி, புதுப் பாவாடை கட்டிக்கிட்டு, கையில பலூன வச்சுக்கிட்டு, அத்தை ஏன் அழுகுதுன்னு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறா. புள்ளைய முன்னால கொண்டாந்து நிறுத்தி, இந்தா இருக்குல்லன்னு காட்டுனாலும் அத்தைக்கு அழுகை நிக்க மாட்டேங்குது. ஆரம்பிச்சத முடிச்சாத்தான் அதுக்குத் திருப்தி.

மச்சான் வந்து மாலையப் புடுங்கி எறிஞ்சாரு. "மாப்ள, ஒனக்கு அறிவுங்கிறது இருக்கா?"ன்னாரு, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். வெளிநாட்டுல உசுரோட இருக்கிறவங்களத்தான் வரைவாங்க, செத்தவங்க மட்டும்தான் சுவத்துல தொங்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லன்னு சொன்னேன். பூசாரி வந்து, "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல அத மரத்துப் பக்கமாத் திருப்பி வையி"ன்னுட்டாரு. ராசா வீட்டுல தொங்க வேண்டிய படம்ணே, வேப்பமரத்தப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

சரி, படத்த விடுங்க. விவரம் இல்லாத சனம், என்ன பண்ணும். எனக்கு மடி இருக்குல்ல. அது என் உரிமை, அதுல எவனும் கைவைக்க முடியாதுல்ல. பட்டுவேட்டிய ஒழுங்கு பண்ணிக்கிட்டு, பலகையில சம்மணம் போட்டு உக்காந்தேன். ஆசாரி காது குத்த ரெடியா இருக்காரு, நாவிதர் கிண்ணத்துல தண்ணி வச்சுட்டாரு. அக்கா பொம்மியக் கூட்டியாந்துச்சு.

நான் கைய நீட்டுனேன். வாடி தங்கம்னேன். நின்னுட்டாண்ணே. பலூன விட்டுட்டா. முதுக நேரா வச்சுக்கிட்டா, தாடைய லேசாக் கீழ எறக்கிக்கிட்டா, கண்ண மட்டும் என்மேல வச்சுக்கிட்டு அசையாம நின்னா. யாரும் சொல்லல, அவளா நின்னா. மாமன் சொல்லிக் குடுத்தத மறக்கல பாருங்க, எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. எந்திரிச்சுப் போயித் தூக்கலாம்னு ஒரு எட்டு வச்சேன். அலறுனா பாருங்க ஒரு அலறல். "மாமா வேணாம், நான் சிரிக்கல, நான் சிரிக்கல"ன்னு அக்கா சேலைக்குள்ள போயிப் பூந்துக்கிட்டா. கத்தியும் ஊசியும் பார்த்துப் பயந்துட்டான்னு நான் சொன்னேன். எல்லாரும் என்னையத்தான் பார்க்குறாங்க.

அப்ப ஜெயக்கொடி வந்தான். அவன் ஒண்ணும் பெரிசாப் பண்ணல. கெடந்த பலூன எடுத்துத் தலையில பரட் பரட்டுனு தேச்சான். அவன் முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு, பலூனு மண்டையிலயே ஒட்டிக்கிச்சு. பொம்மி சேலைய வெலக்கிப் பார்த்தா. பார்த்துட்டுச் சிரிச்சா. பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சா. போயி அவன் மடியில உக்காந்துக்கிட்டா. அவ்வளவுதான். மூணு வருஷமா நான் தூக்கி வளத்தது ஒரு பலூனுக்குப் போச்சு. முடி எறக்குனாங்க. அந்தச் சுருட்டை ஒவ்வொண்ணும் அவன் மடியில விழுந்துச்சு. நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். பொய் சொல்லலண்ணே, எனக்கு அழுகை வந்துருச்சு. வயிறு எரிஞ்சுச்சு. காது குத்துறப்ப அவ அழுதுக்கிட்டே அவன் சட்டையத்தான் இறுக்கிப் புடிச்சா.

நான் சாப்புடல. கறிச்சோத்த வாசம்கூடப் பார்க்கல. கெளம்புறேன்னு அக்காகிட்டச் சொன்னப்ப, அக்கா படத்தத் தூக்கியாந்து என் கையிலயே குடுத்துச்சு. "நல்லாத்தான் வரஞ்சிருக்கடா கண்ணா, அப்படியே எம்புள்ள. ஆனா இத வீட்டுல மாட்ட முடியாதுடா. என்னால இதப் பார்க்க முடியல"ன்னுச்சு. மாலையத்தான் மச்சான் புடுங்கியாச்சேக்கா, இன்னும் என்ன சங்கடம்னேன். "மாலை இல்லடா"ன்னுச்சு. பின்ன என்னன்னு கேட்டேன். என் தலையத் தடவிக் குடுத்துட்டுப் போயிருச்சு. அதான் கேக்குறேன், சொந்த அக்காவுக்கே கலைன்னா என்னன்னு தெரியலேன்னா, ஊரச் சொல்லி என்ன ஆகப் போகுது?

படத்தப் பிரிச்சாக் கண்டக்டர் சண்டைக்கு வருவான். அந்த போட்டோ போன்ல இருக்கு, இந்தாங்க பாருங்க. ரெண்டு வெரல வச்சுப் பெருசு பண்ணுங்க. இன்னும் கொஞ்சம். கண்ணுல மினுக்கு தெரியுதா? எந்த ஸ்டுடியோக்காரனாவது இப்படி எடுத்திருவானா?

என்னண்ணே, அதுக்குள்ள போனத் திருப்பிக் குடுக்குறீங்க?

பயந்து போயிருக்காளா? நீங்களுமாண்ணே இப்படிச் சொல்றீங்க. நல்லாப் பாருங்க. அங்க பயப்படுறதுக்கு என்னண்ணே இருந்துச்சு? நல்ல பட்டப்பகல். வாசக்கதவு தொறந்து கெடக்கு, அக்கா அடுப்படியில இட்லி ஊத்திக்கிட்டு இருக்கு. நாயில்ல, ஊசி போடுற டாக்டர் இல்ல, பூச்சாண்டி இல்ல. அவ எதுக்க இருந்தது நான் மட்டும்தாண்ணே.